கண் வரையாத எருமை

என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சாத்துக்குடிப் பையைக் கீழே வைத்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "என்னதான் ஆச்சு வசந்தி உனக்கு?" நான் வாயைத் திறப்பதற்குள் மங்கை அண்ணி பதில் சொல்லிவிடுவார். "எருமப் படம் வரைஞ்சா. அதான்." கேட்டவர்கள் அப்படியா என்று தலையாட்டிவிட்டு, அண்ணி போட்டுத் தந்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஒருவராவது என் முகத்தைத் திரும்பிப் பார்த்து, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டதில்லை. அதனால் எழுதுகிறேன். இடது கை ஆட்காட்டி விரலால் செல்போனைக் குத்திக் குத்தி எழுதுகிறேன். நீளமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கஷ்டம் எனக்குத்தான் அதிகம்.

மங்கை அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. நாங்கள் விழிதியூரில் இருக்கிறோம், அண்ணி அடுத்த தெரு. வீட்டுக்காரர் மின்துறையில் ஒயர்மேன், கொஞ்சம் நிலமும் உண்டு. நான் காரைக்காலில் ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சர். டீச்சராக இருந்தேன் என்று எழுத வேண்டுமா என்பது இன்னும் எனக்கே தெரியவில்லை.

பள்ளியில் மாம்பழமும் தேசியக் கொடியும் வரையச் சொல்லித் தருவதைத் தவிர, எனக்கென்று ஒரு ஆர்ட் ஜர்னல் வைத்திருந்தேன். தடித்த தாள் நோட்டு. அதில் வரைவதோடு நிற்காமல் துணி, நூல், பழைய காலண்டர் தாள், மணல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒட்டி, அதன்மேல் வண்ணம் பூசி, எதிரெதிர் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமாக்குவது. இப்படிச் செய்கிற பெண்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மாதம் ஒரு தலைப்பு. அந்த மாதம் மிருகங்கள். ஆளாளுக்கு ஆந்தை, மான், நரி என்று போட்டார்கள். எங்கள் ஊரில் நரியை நான் எங்கே போய்ப் பார்ப்பது? காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிர்க் குளத்தில் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு என்னையே பார்க்கும் எருமையைத்தான் தினமும் பார்க்கிறேன். அதையே எடுத்துக்கொண்டேன்.

உழைத்துச் செய்த பக்கம் அது. இடது பக்கம் குளமும் எருமையின் முதுகும், வலது பக்கம் தலை. தோலுக்குப் பழைய குடைத்துணியை வெட்டி ஒட்டினேன். அந்த மங்கலான கறுப்பு எந்தப் பெயின்டிலும் வராது. கொம்புக்குப் பாக்குமட்டைச் சீவல், காதோரத்து மயிருக்குத் தேங்காய் நார். தண்ணீருக்குப் பச்சையும் சாம்பலுமாக மெல்லிய தாளைக் கசக்கி ஒட்டி, மேலே நீர்த்த வண்ணம் விட்டேன். கண்ணை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். சிலையோ களிமண் பிள்ளையாரோ, கண்ணைத் திறப்பது கடைசியில்தானே. எனக்கும் அதுதான் பழக்கம்.

அதற்குச் சில நாள் முன்னால் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வயிற்றுப்போக்கு வந்து நின்றிருந்தது. பிறகு கால் பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல ஒரு மதமதப்பு. பக்கத்து கிளினிக்கில் காட்டியதற்கு வைட்டமின் குறைச்சல் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எருமைக்குக் கண் வைக்க உட்கார்ந்தேன். மெல்லிய பிரஷை வெள்ளையில் தோய்த்தேன். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்க மறுத்தன. பிரஷ் நழுவி எருமையின் முகத்தில் விழுந்து, மூக்குவரை ஒரு வெள்ளைக் கோட்டை இழுத்துக்கொண்டு போய் நின்றது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. எழுந்திருக்கப் பார்த்தபோது முழங்காலிலும் பலமில்லை.

எனக்குப் பயமாகிவிட்டது. வீட்டுக்காரரிடம் உடனே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அவரும் சட்டையை மாட்டிக்கொண்டார். அதை நான் மறக்கவில்லை, சட்டையை மாட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து அண்ணி குழம்புக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். மேசையில் காய்ந்துகொண்டிருந்த பக்கத்தைப் பார்த்தவர் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தார்.

"ஏண்டி, எமன் வாகனத்தைப் போயா வீட்டுக்கு நடுவுல வரைஞ்சு வச்சிருக்கே? அதுவும் கண்ணு இல்லாம! மூக்கணாங்கயிறு வேற போட்டிருக்கே. அது யாரைத் தேடி வந்துச்சுன்னு நினைக்கிறே?"

"அது கயிறு இல்ல அண்ணி, பிரஷ் விழுந்த கோடு. எனக்குக் கை பிடிக்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டோம்."

"ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிடாது. உன் ராசிக்குச் சனி சரியில்லன்னு நான் எப்ப இருந்து சொல்றேன்? நாளைக்கி சனிக்கிழமையாவே வந்து நிக்குது. காலையில திருநள்ளாறு போயி நள தீர்த்தக் குளத்துல எண்ணெய் தேச்சு முழுகிட்டு, அப்புறம் எந்த ஆஸ்பத்திரிக்கு வேணாலும் போங்க."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

"அக்கா சொல்றதுலயும் தப்பு ஒண்ணும் இல்லையே. முழுகிட்டு நேரா அப்படியே டாக்டர்கிட்ட போயிடலாம், வசந்தி."

எந்த ஊரிலிருந்தெல்லாமோ ஜனங்கள் திருநள்ளாற்றுக்கு வருவார்கள். பக்கத்திலேயே இருக்கிற நாங்கள் சனிக்கிழமை என்றால் கூட்டத்துக்குப் பயந்து அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டோம். அன்றைக்குப் போனோம். தலை நிறைய நல்லெண்ணெயோடு அண்ணி என்னைக் கைத்தாங்கலாகப் படியில் இறக்கினார். முழுகினேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது இடுப்புவரைதான் தெரிந்தது, அதற்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. எழுந்து படியேற முடியவில்லை. யாரோ வெளியூர்ப் பெண்கள் சேர்ந்து தூக்கிவிட்டார்கள். அப்போதாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். "எண்ணெய்க் குளியல் அசதி, படுத்து எந்திரிச்சா சரியாப் போயிடும்" என்றார் அண்ணி. வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்கவைத்தார்கள். நான் முனகிக்கொண்டே கிடந்தேன். தெருவில் ஒயர் உரசிப் பொறி பறந்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு ஓடுகிற மனிதர், அன்று பகல் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் காப்பி டம்ளரைத் தூக்க முடியவில்லை. குடித்த காப்பி வாயோரமாக வழிந்தது. அதற்குப் பிறகுதான் ஆட்டோ வந்தது.

காரைக்காலில் ஒரு சின்ன வயசு டாக்டர் முழங்காலில் ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கால் துள்ள வேண்டும். சும்மா கிடந்தது. மறுகாலும் அப்படியே. "ஒரே மூச்சுல எவ்வளவு தூரம் எண்ண முடியுதோ எண்ணுங்கம்மா" என்றார். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன். வகுப்பில் சத்தம் போட்டே பழகிய எனக்குப் பத்தைத் தாண்டவில்லை. அவர் முகம் மாறியது. எண்ணச் சொல்வது நெஞ்சில் எவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதற்காம். மூச்சு விடுகிற தசையும் கால் மாதிரி ஓய்ந்துபோனால் மிஷின்தான் மூச்சு விட வேண்டும். அப்படியே ஆம்புலன்ஸில் ஏற்றி புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். காரைக்கால் எல்லையில் பூவம் தாண்டுகிறவரை அண்ணி கந்தசஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டு வந்தார். அப்புறம் தூங்கிவிட்டார்.

வியாதிக்கு ஒரு நீளமான வெளிநாட்டுப் பெயர். சுருக்கி ஜி.பி.எஸ். என்கிறார்கள். அங்கிருந்த பெரிய டாக்டர், வீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்டுக்கொண்டு, அவருக்குப் புரிகிற மாதிரியே விளக்கினார். நரம்பு ஒரு ஒயர். ஒயருக்கு மேலே ரப்பர் உறை உண்டு. வயிற்றுப்போக்கு மாதிரி ஏதாவது கிருமி வந்து போனபிறகு, உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆள் அடையாளம் தெரியாமல் அந்த உறையையே அரித்துவிடும். ஒயர் இருக்கும், கரண்டு போய்ச் சேராது. காலில் ஆரம்பித்து மேலே ஏறும். வீட்டுக்காரர் ரொம்பத் தெளிவாகப் புரிந்துகொண்டு தலையாட்டினார். எருமையைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

முதுகுத்தண்டில் ஊசி குத்திச் சொட்டுச் சொட்டாக நீர் எடுத்தார்கள். கை காலில் சின்னச் சின்னதாக ஷாக் கொடுத்து நரம்பில் கரண்டு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளந்தார்கள். பிறகு மருந்து ஏற ஆரம்பித்தது. மற்றவர்கள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதமாம், விலை பயங்கரம். ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருப்பு போதவில்லை, கொஞ்சம் வெளியே வாங்க வேண்டியிருந்தது. ஐ.சி.யூ. வாசலில் நின்று மங்கை அண்ணி தன் வளையலைக் கழற்றித் தம்பி கையில் கொடுத்தார். அதையும் எழுதிவிட வேண்டும். மறைத்துவிட்டு எழுதினால் எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

மருந்து வேலை செய்வதற்குள் வியாதி முகத்துக்கு ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் விழுந்துவிட்டது. உதடு ஒட்டவில்லை, பேசினால் கொழகொழவென்று ஏதோ சத்தம்தான் வந்தது. இமை மூடவில்லை. இது எப்படிப்பட்ட அவஸ்தை என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. தூங்கலாம் என்று கண்ணை மூடினால் மூடாது. விளக்கு, விட்டம், அடுத்த படுக்கைக்காரரின் மிஷின், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டும். கண் காய்ந்து எரியும்.

"கண்ணு காஞ்சா உள்ள புண்ணாயிடும்மா" என்று ஸ்டெல்லா சிஸ்டர் களிம்பு போட்டு, இமையை விரலால் இறக்கிவிட்டு, மேலே வெள்ளைத் தாள் பிளாஸ்திரியை ஒட்டுவார். "இருட்டா இருக்குதுன்னு பயப்படாதீங்க. நான் இங்கனதான் இருக்கேன்." பிளாஸ்திரி ஒட்டினாலும் ஓரமாக இமை கொஞ்சம் மேலேறிவிடும். உள்ளுக்குள்ளே கண் திறந்தேதான் இருக்கும். வெளியே இருந்து பார்த்தால் ஆள் தூங்குகிற மாதிரி.

ஒரு மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் அப்படிக் கிடந்தேன். படுக்கையின் இந்தப் பக்கம் வீட்டுக்காரர், அந்தப் பக்கம் அண்ணி. டாக்டர் வந்து நின்றது குரலில் தெரிந்தது.

"காலு மரத்து, கை பிடிக்காமப் போனது வெள்ளிக்கிழமைன்னு சொல்றீங்க. ஞாயித்துக்கிழமைதான் கூட்டிட்டு வந்திருக்கீங்க. நடுவுல ஏன் வரலை? இதுல மருந்து எவ்வளவு சீக்கிரம் ஏறுதோ அவ்வளவு நல்லதுங்க."

 பதில் சொன்னது என் வீட்டுக்காரர்.

"நான் கூப்பிட்டேன் சார். அவதான் வரமாட்டேன்னுட்டா. ஆஸ்பத்திரின்னா அவளுக்குப் பயம்."

"ஆமாங்க டாக்டர்" என்றார் அண்ணி. "ரொம்பப் பிடிவாதக்காரி."

"படிச்சவங்க, டீச்சர் வேற" என்று டாக்டர் அலுத்துக்கொண்டார். செருப்புச் சத்தம் அடுத்த படுக்கைக்குப் போனது. அண்ணி குரலைத் தாழ்த்தி, "வெளிய யாரு கேட்டாலும் இதையே சொல்லு. குளத்துக்குப் போனதெல்லாம் எதுக்கு" என்றார். வீட்டுக்காரர் "ம்" என்றார்.

நான் கத்தினேன். கொழகொழவென்றுதான் வந்தது. "தூக்கத்துல என்னமோ அனத்துறா பாவம்" என்று சொல்லி, என் கடைவாயில் வழிந்த எச்சிலை வீட்டுக்காரர் துண்டால் துடைத்தார். மெதுவாக, வலிக்காமல் துடைத்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிளாஸ்திரிக்குள்ளே கண்ணீர் தேங்கி, ஓரம் நனைந்து பெயர்ந்தது. சாயங்காலம் சிஸ்டர் வந்து புதுசு ஒட்டினார்.

அந்த மனிதரை முழுசாக வெறுக்கவும் வழியில்லை. பொது வார்டுக்கு மாற்றிய பிறகு, தலைவாரிச் சடை போடக்கூடக் கற்றுக்கொண்டார். கோணலாகத்தான் வரும். ரவைக்கஞ்சியை ஆற்றி ஆற்றி ஸ்பூனால் ஊட்டினார். வார்டில் இருந்த பெண்களெல்லாம், "கொடுத்து வச்சவ நீ, இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைக்கும்" என்றார்கள். நான் கஞ்சியை விழுங்கினேன்.

வியாதி ஏறிய வழியிலேயே இறங்கியது. முகம் சரியானது, இமை மூடியது, வாக்கர் பிடித்து நடந்தேன். வலது கையில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் சேர மறுத்தன. தோசையைப் பிய்க்க முடியாது, சாவியைத் திருப்ப முடியாது, பிரஷைப் பிடிக்க முடியாது. "வரலாம்மா. எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் டாக்டர். சீட்டு எழுதும்போது, "இனிமேலாவது ஆஸ்பத்திரிக்கு வரப் பயப்படாதீங்க" என்று புத்தி வேறு சொன்னார். அப்போது எனக்கு வாய் நன்றாகவே வந்துவிட்டது. ஆனாலும் பேசவில்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் மாத்திரைப் பையோடு நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவராகச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதலில் ஜர்னலைத்தான் எடுத்துத் தரச் சொன்னேன். திறந்தால் என் எருமையின் தலைமேல் துர்க்கை நின்றுகொண்டிருந்தாள். தினக் காலண்டர் அட்டையிலிருந்து வெட்டிய துர்க்கை, சூலமும் சிவந்த பாதமுமாக. பாதம் சரியாக எருமையின் கண் இருக்க வேண்டிய இடத்தில். சுற்றி என் வெள்ளைப் பசை டப்பா முழுக்கக் காலி.

"நாந்தான் ஒட்டுனேன்" என்றார் அண்ணி பெருமையாக. "நீ உள்ள கிடந்தப்ப ஊருக்கு வந்து ஒட்டிட்டுப் போனேன். எருமத் தலையில அம்மன் காலு வச்சுட்டா எமன் கிட்ட வருவானா? அன்னையில இருந்துதான் உனக்கு மூச்சு சீரா வந்துச்சு."

அந்தப் புரதமும் ஸ்டெல்லா சிஸ்டரும் கணக்கிலேயே இல்லை. என் எருமையால் வியாதி வந்தது, அண்ணியின் அம்மனால் போனது. நடுவில் ஒரு குளம் இருந்ததே, அது எங்கே போனது? பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்ததும் அந்த வாரம்தான். தற்காலிகமாக வேறொரு டீச்சரைப் போட்டிருக்கிறார்களாம், நான் நன்றாக ஓய்வெடுக்கலாமாம். வாட்ஸ்அப் குழுவில் ஆந்தை போட்ட பெண்ணுக்குக் கைதட்டல் முடிந்து, அடுத்தடுத்த தலைப்புக்குப் போயிருந்தார்கள்.

விரலுக்குப் பயிற்சி சொல்லித் தந்த பிசியோதெரபிப் பெண் மொச்சைக்கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொல்லியிருந்தாள். நான் மொச்சையை ஒதுக்கிவிட்டுத் துர்க்கையை எடுத்துக்கொண்டேன். கிழிக்க எனக்கும் மனசு வரவில்லை. நானும் கும்பிடுகிறவள்தான். ஈரத் துணியை ஒற்றி ஒற்றி, ஓரத்தை வலது கை விரலால் நெம்பப் பார்ப்பேன். நழுவும். மறுபடி நெம்புவேன். தினமும் காலையில் இதுதான் வேலை. எவ்வளவோ நாள் ஆனது. கடைசியில் அம்மன் முழுசாக வந்தாள், கொண்டுபோய்ப் பூஜை அலமாரியில் வைத்தேன். ஆனால் அவளோடு எருமையின் முகத்துத் தோலும் பெயர்ந்து வந்துவிட்டது. கண் இருக்க வேண்டிய இடத்தில் குடைத்துணி போய், வெறும் வெள்ளைத் தாள் ரணம் மாதிரி நார் நாராக நின்றது.

அந்த ரணத்திலேயே கண்ணை வரைந்தேன். பிரஷைக் கையோடு சேர்த்துக் கிரேப் பேண்டேஜால் சுற்றிக் கட்டிக்கொண்டு, தோளை அசைத்து வரைந்தேன். வட்டம் கோணியது, விட்டுவிட்டேன். கறுப்பு விழி, அதற்குள் குளத்து வெளிச்சம் ஒரு பொட்டு. அகலத் திறந்த கண். அது காய்ந்ததும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பையில் மிச்சம் கிடந்த தாள் பிளாஸ்திரியை எடுத்து, இடது கையால் கிழித்து, கண்ணுக்கு மேலே குறுக்காக ஒட்டினேன். பிரஷ் விழுந்த பழைய கோட்டை அப்படியே வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் முடிந்தது.

போன வாரம் அண்ணி வந்தபோது ஜர்னல் மேசையில் விரித்தபடி இருந்தது. வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அண்ணி கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

"அம்மனை எடுத்திட்டியா? சரி போ. கண்ணை மூடித் தூங்குற மாதிரி போட்டிருக்கே. அதுவும் நல்லதுதான். தூங்கட்டும்."

"தூங்கலை அண்ணி" என்றேன். "பிளாஸ்திரிக்கு உள்ள கண்ணு முழிச்சுதான் இருக்கு. ஐ.சி.யூ.வுல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. டாக்டர் ஏன் முன்னாடியே வரலைன்னு கேட்டாரே, அன்னைக்குக்கூட நான் தூங்கலை."

அண்ணி நிமிர்ந்தார். முந்தானையை இழுத்துச் செருகினார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வரேன்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார். அடுத்த தெருவுக்கு எந்த பஸ் போகிறதோ தெரியவில்லை.

வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

"நான் சொன்னதும் காதுல விழுந்துச்சா?" என்றார்.

"அதுவுந்தான்."

அவர் பேப்பரைக் கீழே போட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பிசியோதெரபிப் பெண் காட்டிக்கொடுத்தபடி கட்டைவிரலை நீவிவிட ஆரம்பித்தார். எப்போதும் சாயங்காலம் செய்வதை அன்று மத்தியானமே செய்தார்.  திருப்பிப் பிடிக்க என்னால் முடியவில்லை. முடிந்திருந்தாலும் பிடித்திருப்பேனா என்று தெரியவில்லை.